சரியாகப் பொருந்திய கேபிள்

என் தம்பி மகள் வீடியோக்களைச் சேமித்திருந்த இரண்டு ஹாட் டிஸ்க்குகளையும் கெடுத்தவன் நான். தானே கெடுத்துவிட்டதாக அவள் ஒரு வருடத்துக்குக் கிட்ட நம்பிக்கொண்டிருந்தாள். நம்பட்டும் என்று நான் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் கை தவறிக் கோப்பை உடைந்த விஷயம் போலத் தோன்றும். என் கை தவறியது ஒரு நிமிடம்தான். மற்றதெல்லாம் நான் யோசித்துச் செய்தது.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்து, அதிபராகி, ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்த பிறகு பதுளை டவுனில் இருக்கும் என் வீட்டில் தனியாகவே இருந்தேன். தம்பி பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறான். அவனுடைய மகள் வீடியோ எடுக்கவும், எடுத்ததைக் கணினியில் வெட்டிச் சேர்த்துச் சீராக்கவும் பழகியவள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் அதற்கு இடமும் இல்லை, ஒழுங்கான கரண்டும் இல்லை. அதனால் என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள். வீட்டில் ஒரு மனித நடமாட்டம் வந்ததே என்று எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவாள். சாவு வீட்டுக்கும் போவாள். சாவை யார் வீடியோ எடுப்பார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் தோட்டங்களில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கிறார்கள். கொழும்பில் கடையில், கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில், அரபு நாட்டில் வீட்டு வேலையில். அவர்களில் பலர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர்களுக்காகத்தான் எடுப்பது.

அப்படி எடுத்த ஒன்றில்தான் இந்த விஷயம் வந்து நிற்கிறது. தம்பி இருக்கும் அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா இறந்துபோனார். அவருடைய மூத்த மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள். ஒப்பந்தம் முடியாமல் அந்த வீட்டார் அனுப்பவில்லை. அவள் என் தம்பி மகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். தம்பி மகள் அதை எனக்கும் போட்டுக் காட்டினாள். "தங்கச்சி, ஒண்ணையும் வெட்டாம எடுத்து வைங்க. இப்ப அனுப்ப வேணாம். இங்க குசினிக்குள்ளதான் படுக்கிறேன், வாய் விட்டு அழவும் ஏலாது. நான் வந்து நம்ம வீட்டுல ஒக்காந்து பாத்துக்கிறேன்." மெதுவான குரல். யாருக்கோ பயந்து பேசுகிறவளைப் போல.

தம்பி மகள் அதை ஒரு நேர்ச்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து குழி மூடும் வரை எடுத்தாள். அதன் பிறகு நாட்கணக்காக அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கொண்டிருந்தாள். வெட்ட வேண்டாம் என்றாலும், கேமரா ஆடிய இடங்களையும் மழைச் சத்தத்தையும் சரிப்படுத்த வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய கணினி நின்று நின்று வேலை செய்தது. ஒருநாள் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை முற்றாகப் போய்விட்டது. எப்படியும் புதிது கட்டத்தான் வேண்டும் என்று சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாள். பண்டாரவளையில் கணினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரிடம்தான் எல்லாம் வாங்குவாள். நாங்கள் அவரை நானா என்போம். ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வரும்போது எல்லாவற்றையும் தானே பூட்டி ஒன்றாக்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அவளுக்கு மொனராகலையில் ஒரு கல்யாணம் இருந்தது. சாவு வீட்டுப் படம் ஏற்கெனவே டிஸ்க்கில் இருந்ததால், கேமராவின் கார்டை அழித்து வெறுமையாக்கிக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"பெரியப்பா, அந்தப் பெட்டியில கை வச்சிராதீங்க. நானா வந்து பாத்துக்குவாரு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மின்சுற்றும் ஓமின் விதியும் படிப்பித்தவன், என் வீட்டிலேயே நாலு கம்பியைப் பூட்டக் கூடாதா என்று தோன்றியது. அந்தக் கோபம் கூட இல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் திரும்பி வந்து பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். சாமான்களோடு வந்த சின்னப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உடம்பில் நிலைமின் தங்காமலிருக்க, இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தேன். மதர்போர்டை இருத்தி, திருகாணிகளை அளவோடு இறுக்கினேன். அகலமான பெரிய கேபிளை மதர்போர்டின் ஓரத்தில் கொடுத்து, பிடி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். புரொசஸருக்கான எட்டுக் கம்பிக் கேபிளை மேல் மூலையில் கொடுத்தேன். அதுபோலவே இருக்கும் இன்னொன்று கிராபிக்ஸ் கார்டுக்கானது. மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று படத்தில் இருந்தது. சரியாகவே கொடுத்தேன். இவ்வளவும் பிழையில்லாமல் நடந்தது.

ஹாட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் கேபிள்தான் மிச்சம். புதிய பவர் சப்ளையோடு வந்த கேபிளை முன்பக்கமாகக் குறுக்கே கொண்டுபோனால் எட்டும். மதர்போர்டுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோனால் கொஞ்சம் எட்டாது. முன்பக்கத்தில் ஒரு கம்பியும் தெரியக் கூடாது என்று எனக்கு. நானாவின் கடைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் பெட்டிகளில் ஒரு கம்பியும் தெரியாது. எனக்கும் அப்படி வேண்டும்.

செத்துப்போன பழைய பவர் சப்ளையின் கேபிள்கள் அலமாரிக்கடியில் கிடந்தன. நாங்கள் வளர்ந்த விதத்தில் நல்ல வயரை யாரும் எறிவதில்லை. அவற்றில் ஒன்று நீளமாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். புதிய பவர் சப்ளையின் துளைக்கும் அதன் முனைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மெல்லத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சத்தத்தோடு பிடித்துக்கொண்டது.

இங்கே என் வகுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் சதுர முனைப் பிளக்கும் உருண்டை முனைப் பிளக்கும் கலந்து கிடக்கின்றன. இரண்டு முனைப் பிளக்கை மூன்று துளைச் சொக்கட்டில் போட, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்காத வீடு இல்லை. அந்தப் பழக்கத்தை ஒழிக்க நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: தானாகப் போகாததைக் கட்டாயப்படுத்திப் போடக் கூடாது, தானாகப் போனால் அது அதற்கானது. முதல் பாதி எல்லாரும் சொல்வது. இரண்டாவது பாதி நானாகச் சேர்த்துக்கொண்டது. சொல்வதற்கு வசதியாக இருந்ததால் சேர்த்தேன். அது உண்மையா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன்.

பவர் சப்ளைக் கேபிளுக்கு இரண்டு முனை. ஹாட் டிஸ்க்கில் போகும் முனை உலகம் முழுவதும் ஒரே மாதிரி. பவர் சப்ளையில் போகும் முனைக்கு அப்படிப் பொது ஒழுங்கு இல்லை. எந்தத் துளையில் பன்னிரண்டு வோல்ட், எந்தத் துளையில் ஐந்து வோல்ட் என்பதைச் செய்கிற ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. வடிவம் ஒன்றாக இருக்கும், உள்ளே ஓடுவது வேறாக இருக்கும். இதோடு வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் போடாதே என்று பவர் சப்ளையின் புத்தகத்தில் பின்பக்கத்தில் இருந்தது. நான் படம் போட்ட பக்கங்களைத்தான் பார்த்தேன்.

அதோடும் நான் நிற்கவில்லை. தம்பி மகளிடம் இரண்டு ஹாட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று அவள் தினமும் வேலை செய்வது. மற்றது அதன் நகல். வேலை முடிந்தவற்றை மட்டும் அதில் பதிந்து, ஒரு துவாயில் சுற்றி, என் அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். என் மனைவியின் சேலைகள். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது அவளுடைய கட்டுப்பாடு. அதையும் எடுத்தேன். அவள் வந்ததும் இரண்டும் தயாராக இருக்கட்டுமே என்று அதே கேபிளில் அதையும் மாட்டினேன்.

சுவிட்சை அழுத்தினேன். காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மெலிதாக ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு வாடை வந்தது. மின்சாரத்தோடு பழகியவனுக்கு அந்த வாடைக்கு விளக்கம் தேவையில்லை.

ஹாட் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு அழுத்தினால் கணினி நன்றாக ஓடியது. ஒன்றை மாட்டினால் ஓட மறுத்தது. பாடசாலைக் காலத்து மீட்டரை எடுத்து அந்தப் பழைய கேபிளின் முனையை அளந்தேன். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது. திரும்பவும் அளந்தேன். பன்னிரண்டேதான்.

அதற்குப் பிறகு செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஜன்னல்களைத் திறந்து வாடையைப் போக்கினேன். பழைய கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய கேபிளை முன்பக்கமாகவே கொண்டுபோய் மாட்டினேன். அவள் தினமும் எடுக்கும் டிஸ்க்கை அது இருந்த உறையில் போட்டேன். நகலைத் துவாயில் சுற்றினேன். அவள் மடித்திருந்த விதம் நினைவிருந்தது, அப்படியே மடித்தேன். சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

அவள் மறுநாள் பின்னேரம் வந்தாள். பூட்டி முடித்த கணினியைப் பார்த்துச் சிரித்தாள். நான் எதிர்பார்த்தது போலவே வாய் பிளந்தாள். "நானாவுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லணும், பெரியப்பாகிட்ட வேலை கத்துக்கச் சொல்லணும்" என்று கேலி பண்ணினாள். டிஸ்க்கை மட்டும் நீயே போட்டுக்கொள் என்று விட்டு வைத்திருக்கிறேன் என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

ஐப்பசி மாதம். பதுளையில் அந்த மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு இடி இல்லாத நாள் குறைவு. அவள் முதல் டிஸ்க்கை மாட்டும்போது மலைப்பக்கம் உறுமத் தொடங்கியிருந்தது. கணினி ஓடவில்லை. கழற்றினாள், மாட்டினாள். ஒரு பெரிய இடி விழுந்து வீட்டு விளக்கு மங்கி எரிந்தது. அவள் பதறிப்போய் அலமாரியிலிருந்து நகலைக் கொண்டுவந்து அதையும் மாட்டினாள். அதுவும் அப்படியே. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தை இது.

"இடி நேரத்துல கை வைக்கக் கூடாதும்மா. இது தெரியாதா ஒனக்கு?"

பொய்யை நான் ஒரு கண்டிப்பாகச் சொன்னேன். அதனால்தான் அவள் அதைச் சந்தேகிக்கவே இல்லை.

நானா போனில் கேட்டாராம், வேறு ஏதாவது கேபிள் போட்டாயா என்று. பெட்டியில் இருந்த கேபிளைத்தான் போட்டேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அப்படியானால் இடியாகத்தான் இருக்கும் என்றிருக்கிறார். கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்போம், பொறுத்திரு என்றும் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. குவைத்துப் பெண் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டவுனில் ரேடியோ, டீவி திருத்தும் ஒருவரிடம், தான் தினமும் எடுக்கும் டிஸ்க்கைக் கொடுத்தாள். இடி விழுந்தது என்று இவள் சொன்னதால், உள்ளே எல்லாமே எரிந்திருக்கும் என்று அவர் அதன் மூடியைத் திறந்துவிட்டார். ஹாட் டிஸ்க்கின் உள்தட்டில் ஒரு தூசி பட்டாலும் போதும். பிறகு அது வெறும் இரும்பு. மற்றதை அவள் கொடுக்கவில்லை. அதில் சாவு வீட்டு வீடியோ இல்லை. வேலை முடியாததால் நகல் எடுத்திருக்கவில்லை.

அவர் மூடியைத் திறப்பதற்கு முந்தின நாள் அவள் என்னிடம் யோசனை கேட்டாள். அவரிடம் கொடுக்கட்டுமா பெரியப்பா என்றாள். கொடுத்துப் பார் என்றேன். கெட்டது எதனால் என்று தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

குவைத்துப் பெண் தை மாதம் வந்தாள். தோட்டத்துக்குப் போய்ச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த நாளே பஸ் ஏறிப் பதுளைக்கு வந்துவிட்டாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தது. தம்பி மகள் அவளை உட்காரவைத்து, அவள் காலடியில் தானும் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னாள். இடி இடிக்கும்போது மாட்டினேன் அக்கா, அவசரப்பட்டுவிட்டேன், ஒன்று போனதும் நின்றிருக்க வேண்டும், என் புத்திதான். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் என்னிடம், "இருக்கட்டும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். குடிக்கவில்லை. தம்பி மகளைத் திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் அணைந்து கிடந்த கணினித் திரையைப் பார்த்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

திட்டியது மற்றவர்கள். அவள் எங்காவது கேமராவோடு போனால், "இந்தப் புள்ளகிட்டயா? படம் தீபாவளிக்கு வருமா, அடுத்த இடிக்குள்ள வருமா?" என்று கேலி பேசியதாகத் தம்பி சொன்னான். கல்யாணங்கள் குறைந்தன. சாவு வீட்டுக்கு அவளே போக மறுத்தாள். வானம் கறுத்தால் போதும், வீட்டிலிருக்கும் எல்லாப் பிளக்கையும் கழற்றுவாள். ஐஸ்பெட்டியையும் விட மாட்டாள். ஒருநாள் பின்னேரம் மேசை விளக்கின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, இடி நிற்கும்வரை அப்படியே நின்றதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு என்ன காரணம் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அவள் போய்விடுவாள் என்ற பயம் ஒன்று. ஆனால் அதைவிட, அவள் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் எனக்கு வேண்டியிருந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று யாரிடமும் சொல்வாள். அந்த வயதில், அந்தத் தனிமையில், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய தைரியத்தைக் கொடுத்து என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அடுத்த புரட்டாசியில் அவள் கேமராவை விற்க ஆள் பார்த்துவிட்டு வந்தாள். கட்டுநாயக்காவுக்குக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றாள். கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே இருக்கிறாளாம். சோறு சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "எனக்கு இந்த வேலை கைவரல பெரியப்பா. அடுத்தவங்க சாமான என்னை நம்பிக் குடுக்கக் கூடாது."

நான் தட்டை ஒதுக்கினேன். பழைய கேபிளை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அதை எறிந்திருக்கலாம், எறியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னேன். அவள் கேபிளைத் தொடவில்லை.

"அலமாரியில இருந்ததையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"பெறகு துவாயில சுத்தி வச்சீங்களா? நான் சுத்தின மாதிரியே?"

ஆமாம் என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எரித்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை. எழுந்து கை கழுவினாள். நான் சாப்பிட்ட தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை நகல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நானாவிடம் நானே சொன்னேன். அவர் டிஸ்க்கைத் திருப்பி, அதன் அடிப்பலகையில் எள் அளவு இருந்த ஒரு கறுப்புத் துண்டைக் காட்டினார். மின்சாரம் அளவு மீறி வந்தால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்களாம். பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். அதைக் கழற்றிவிட்டுச் சரியான கேபிளில் மாட்டினால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். அனேகமாக மற்ற டிஸ்க்கிலும் அதுதான் போயிருக்கும் என்றார். அதை எங்கே என்று கேட்டார். தம்பி மகள், மூடி திறந்தாகிவிட்டது என்றாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

"அந்த நேரமே கேபிள்தான்னு சொல்லியிருந்தா, மகள், ரெண்டும் தப்பியிருக்கும்."

அதுவரை நான் என் குற்றத்தைக் கேபிள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேபிள் ஒன்றையும் அழிக்கவில்லை. அந்தத் தாயின் சாவு ஒரு எள்ளுக்குப் பின்னால் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது அழிந்தது.

நகல் டிஸ்க்கில் இருந்ததை நானா எடுத்துக் கொடுத்தார். கல்யாணங்களும் சடங்குகளும் திரும்ப வந்தன. தம்பி மகள் கேமராவை விற்கவில்லை. ஆனால் என் வீட்டில் இருக்கவும் இல்லை. பண்டாரவளையில் ஓர் அறை எடுத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனாள். முன்னறையைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

குவைத்துப் பெண் இன்னும் போகவில்லை, அடுத்த ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்று தம்பியிடமிருந்து தெரிந்தது. அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று தம்பி மகளுக்குப் போன் செய்தேன். "நானும் வர்றேன். நீங்க பாதியச் சொல்லிட்டு வந்துருவீங்க" என்றாள். அப்படி அவள் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை. பேச அவளுக்கு உரிமை இருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டில் அவளும் அவள் தம்பி மனைவியும் இருந்தார்கள். பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினேன், பிறகு பாயில் உட்கார்ந்தேன். கேபிளைச் சொன்னேன், மடித்து வைத்ததைச் சொன்னேன், இடி என்று சொன்னதைச் சொன்னேன், எள்ளளவு துண்டைச் சொன்னேன். தோட்டத்தில் எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் நான் பேசிப் பழகிய ஒரு மாஸ்டர் குரல் இருக்கிறது. அது அன்றைக்கு வரவில்லை.

அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்குத் தங்கச்சி எங் கால்கிட்ட ஒக்காந்து அழுதப்ப, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க மாஸ்டர்?"

"ஆமா."

"தேத்தண்ணி கொண்டாந்து வச்சீங்க."

"ஆமாம்மா."

அவளுடைய தம்பி மனைவி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். இவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், அப்படிப்பட்டவள்தான். கேட்பது அவளிடமிருந்து இன்னும் ஒன்றைப் பிடுங்குவதாக இருந்திருக்கும்.

பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்தீர்களா என்று. பார்த்தேன் என்றேன். என் வீட்டு முன்னறையில்தானே நாட்கணக்காக ஓடியது.

"அம்மா மொகம் எப்பிடி இருந்துச்சு? இங்க யாரக் கேட்டாலும் தூங்கின மாதிரி இருந்துச்சுனு சொல்றாங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அழுதுகிட்டிருந்தவங்க என்னத்தப் பாத்திருப்பாங்க?"

நான் யோசித்தேன். திரை நினைவுக்கு வந்தது, கூட்டம் வந்தது, தப்பு மேளச் சத்தம் வந்தது. அந்த முகம் வரவில்லை. பேப்பர் வாசித்துக்கொண்டும் வெளியே போகும்போது எட்டிப் பார்த்துக்கொண்டும்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். அமைதியாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நான் சரியாப் பாக்கலம்மா" என்றேன்.

தம்பி மகள் அதுவரை கதவருகில் நின்றிருந்தாள். வந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒரு பக்கம் மஞ்ச கூடுதலா இருந்துச்சு அக்கா. பூசினவங்களுக்குக் கை நடுங்குச்சு. கட்டியிருந்தது நாவல்பழ நெறச் சேல. கண்ணு ஒண்ணு முழுசா மூடல."

"எந்தக் கண்ணு?"

"எடது கண்ணு. கீழ கொஞ்சம் வெள்ள தெரிஞ்சுச்சு. சித்தி ஒருத்தங்க ரெண்டு தடவ மூடிப் பாத்தாங்க, அது திரும்பத் தெறந்துக்கிச்சு."

அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் உடைந்தது. "அது மூடாது" என்றாள். "தூங்குறப்பவும் அது மூடாது. சின்னதுல நாங்க பயப்படுவோம், அம்மா முழிச்சுக்கிட்டுப் பாக்குறாங்கனு." வாய் விட்டு அழுதாள். யாருக்கும் பயப்படாத அழுகை. அவளுடைய தம்பி மனைவி எழுந்து உள்ளே போனாள். தம்பி மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை கொஞ்சம் தணிந்ததும், "பெறகு?" என்று அவள் கேட்டாள். தம்பி மகள் சொன்னாள். பாடையை எடுக்கும்போது மழை பிடித்தது. கூட வேலை செய்த பெண்கள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளை அவிழ்த்துக் கொண்டுவந்து, பாடைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எத்தனை பேர் என்று அவள் கேட்டாள். இவள் ஒவ்வொருவராகச் சொன்னாள், முன்னால் யார், பின்னால் யார், யாருடைய செருப்பு சேற்றில் மாட்டியது என்று.

இவ்வளவும் இவளுக்குள்தான் இருந்திருக்கிறது. முந்தின தை மாதத்திலேயே இவளால் இதைச் சொல்லியிருக்க முடியும். குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவளுக்கு மன்னிப்புக் கேட்க மட்டும்தான் வாய் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தம்பி மகள் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்க பெரியப்பா, நான் நாளைக்கு வர்றேன்" என்றாள். அந்தப் பெண், "பாத்துப் போங்க மாஸ்டர், படி வழுக்கும்" என்றாள், கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலே. நான் லயத்து வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும்போது உள்ளே சொல்வது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லில், பாடை தூக்கியவர்கள் இன்னும் சந்தியைக் கூடத் தாண்டியிருக்கவில்லை.